சீல் அக்காவும் ஒன்பதாயிரம் அட்டைகளும்

அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலில் மாதாமாதம் அச்சாகிறது. ஆனால் ஊடக ஒழுங்குமுறை ஆணையத்தின் நான்கு மாடிக் கட்டடத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால், பதினைந்து வருடமாக வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியே உதட்டைப் பிதுக்குவார். "சீல் அக்கா" என்று கேட்டால் போதும். "தரைத்தளம், வலது பக்கம், கடைசிக் கதவு, செருப்ப நல்லாத் தேச்சுட்டுப் போங்க, அக்கா திட்டும்" என்று வழியும் எச்சரிக்கையும் ஒன்றாகக் கிடைக்கும்.

அந்தக் கடைசிக் கதவுதான் தபால் பதிவுப் பிரிவு. ஆணையத்துக்கு வரும் எந்தக் காகிதமும், அமைச்சர் அலுவலகத்துக் கடிதமாக இருந்தாலும் சரி, நடுங்கும் கையால் எழுதிய புகாராக இருந்தாலும் சரி, அக்காவின் மேஜையைத் தாண்டாமல் மாடிப்படி ஏற முடியாது. தேதி முத்திரை, வரிசை எண், பதிவேட்டில் ஒரு வரி. செய்தி வாசிக்கிற பெண் தன்னைப் பார்த்து மட்டும் கண்ணடிக்கிறாள் என்று வாரம் தவறாமல் எழுதும் ஒருவர் இருக்கிறார். பிரிவில் எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா சிரித்துக்கொண்டே அவருக்கும் எண் போடுவாள். உறையைப் பரபரவென்று கிழிக்கிற பழக்கம் அவளிடம் இல்லை. குறுகிய பக்கமாகக் கத்தரித்து, உள்ளே ஊதி, காலி உறையையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள்.

ஒருமுறை ஆணையத்தின் உறுப்பினர் ஒருவரே நேரில் இறங்கி வந்துவிட்டார். கெடு முடிந்த மறுநாள் வந்த ஒரு விண்ணப்பம் அவர் கையில் இருந்தது.

"நேத்து வந்த மாதிரி ஒரு சீல் போட்டுடுங்களேன், சின்ன விஷயம்தானே" என்றார்.

"போடலாம் சார், ஆனா நேத்து நேத்தே தீந்துபோச்சே" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். உறுப்பினர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் விண்ணப்பத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்தப் பதில் நான்கு மாடிக்கும் ஏறி, கேன்டீனில் ஒரு மாதம் ஓடியது.

இப்படிப்பட்டவள் ஒரு தப்புச் செய்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் செய்தாள். பெரிய தப்பு. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்தத் தப்பிலிருந்துதான் சொல்ல வேண்டும். அதைச் செய்த பிறகு அவள் நடந்துகொண்டதைப் பார்த்தவர்கள்தான் இன்றைக்கும் அவள் வந்தால் எழுந்து நிற்கிறார்கள்.

விவகாரம் இதுதான். ஒரே ஊரில் செய்தித்தாள் நடத்துகிறவர் அதே ஊரில் தொலைக்காட்சியும் வானொலியும் வைத்திருக்கக் கூடாது என்று ஆணையத்தில் பழைய விதி ஒன்று உண்டு. ஊருக்கு ஒரே வாய் இருக்கக் கூடாது என்பதற்காகப் போட்டது. அந்த விதியை எடுத்துவிடலாம் என்று புதிய தலைவர் ஒரு முன்மொழிவு கொண்டுவந்தார். ஏற்கெனவே இரண்டு தொலைக்காட்சிகளைக் கையில் வைத்திருந்த ஒரு கம்பெனி, ஊரின் ஒரே நாளிதழையும் ஒரே வானொலியையும் வாங்கப் பேரம் முடித்துவிட்டு, விதி எப்போது போகும் என்று காத்திருந்தது. தலைவரோ அதற்கு முந்தைய மூன்று வருடம் அதே கம்பெனிக்கு ஆலோசகராக இருந்தவர். ஆணையத்து நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து தான் நடுநிலையாகிவிட்டதாக அவரே சொல்லிக்கொண்டார். கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஊர் இரண்டுபட்டது. காலம் மாறிவிட்டது, கையில் போன் இருக்கும்போது பத்திரிகையை யார் படிக்கிறார்கள் என்று ஒரு கட்சி. எல்லாவற்றையும் ஒரே ஆள் வாங்கிவிட்டால் அவர் தும்மினால்தான் செய்தி என்றாகிவிடும் என்று இன்னொரு கட்சி. பஸ்ஸில், முடிதிருத்தும் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில் எல்லாம் இதே பேச்சு. பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க முப்பது நாள் அவகாசம் என்று ஆணையம் அறிவித்ததும், நாளிதழின் அச்சகத் தொழிலாளர்கள் தபால் அட்டை அளவில் ஒன்றை அச்சடித்து ஊர் முழுக்க விநியோகித்தார்கள். "விதியை மாற்ற வேண்டாம்" என்று முன்பக்கத்தில் மூன்று வரி. கீழே பெயர், முகவரி, கையெழுத்து. பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அட்டைகள் முதலில் கட்டாக வந்தன, பிறகு சாக்காக வந்தன. மொத்தம் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினாறு. பதிவுப் பிரிவில் நடக்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் எண் போட்டு, ஸ்கேன் செய்து, சுருக்க அறிக்கை தயாரிக்கப் பதினோரு நாள்தான் இருந்தது. பிரிவில் அக்காவைச் சேர்த்து ஐந்து பேர்.

இங்கேதான் ஆணையத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரே வாசகம், ஒரே மனு. எத்தனை பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் வாசகம் ஒன்றாக இருந்தால் அது ஒரு மனுதான். பல வருடம் முன்பு ஒரு நிறுவனம் தன் ஊழியர்கள் ஆயிரம் பேரையும் மிரட்டி ஒரே கடிதத்தை ஆயிரம் தடவை அனுப்பவைத்தபோது வந்த ஏற்பாடு அது. அந்த யோசனையைச் சொன்னதே அக்காதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஸ்கேன் போடுகிறவர், காதோரம் மூக்குக்கண்ணாடிக் கயிறு தொங்கும் ஒரு பொறுமைசாலி, இரண்டாவது நாளே ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"அக்கா, பின்னாடி ஏதோ கிறுக்கியிருக்காங்க. ரெண்டு பக்கமும் போடட்டுமா?"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "விலாசம் ஏதாவது குறிச்சிருப்பாங்க. வாசகம் ஒண்ணுதானே. முன்பக்கம் மட்டும் போடுங்க, ரெண்டு பக்கமும் போட்டா இந்த ஜென்மத்துல முடியாது."

ஐந்து பேரும் சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக்கி, பத்தாவது நாளே முடித்துவிட்டார்கள். அக்கா எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தாள். சுருக்க அறிக்கையில் ஒரு வரி ஏறியது: ஒரே வாசகம் கொண்ட மனு ஒன்று, அட்டைகள் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினாறு. மேலே தலைவருக்கு அந்த "ஒன்று" தேனாக இனித்தது. அன்று மாலையே கம்பெனியின் தொலைக்காட்சியில், ஆட்சேபம் என்று வந்தது மொத்தம் நாற்பதே மனுக்கள்தான், ஊரில் எதிர்ப்பே இல்லை என்று கோட்டுப் போட்ட ஒருவர் அடித்துப் பேசினார்.

விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது, சீருடை மாற்றாமல் நேராக வேலையிலிருந்து வந்த ஒரு நர்ஸ் பதிவுப் பிரிவின் கம்பி ஜன்னலுக்கு முன்னால் நின்றாள்.

"மேடம், நாற்பது மனுதான்னு டிவியில சொன்னாங்க. நான் எழுதுனது அதுல இருக்கான்னு பாக்கணும். எங்க ஆஸ்பத்திரித் தண்ணியப் பத்தி எழுதியிருந்தேன்."

"பாத்துடலாம்மா" என்று அக்கா அவள் பெயரை வைத்துத் திரையில் தேடி எடுத்தாள். அச்சடித்த மூன்று வரி, பெயர், கையெழுத்து. தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"பின்னாடி எழுதியிருந்தேனே மேடம்" என்றாள் நர்ஸ்.

அக்கா எழுந்து போய்ச் சாக்கிலிருந்து அசல் அட்டையைத் தேடி எடுத்து வந்தாள். பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. ஆஸ்பத்திரித் தொட்டியில் சாக்கடை கலந்ததையும், பதினேழு குழந்தைகள் நோயில் படுத்ததையும், ஆஸ்பத்திரி முதலாளி விளம்பரம் தருகிறவர் என்பதால் தொலைக்காட்சிகள் வாய் திறக்காததையும், ஊர் வானொலி மட்டும் காலையில் "அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்" என்று சொன்னதையும் எழுதியிருந்தாள். அக்கா அடுத்த அட்டையைத் திருப்பினாள். அதிலும் எழுத்து. அதற்கடுத்ததைத் திருப்பினாள். ஒரு கட்டு முழுவதையும் திருப்பிப் பார்த்தாள். நூறில் அறுபதுக்கு மேல் ஆளுக்கொரு கதை, ஆளுக்கொரு காரணம்.

"இருக்கா மேடம்?" என்றாள் நர்ஸ்.

"இருக்கு. ஆனா நாங்க படிக்கல" என்றாள் அக்கா. வெட்கத்தில் அவள் காது சூடாகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் தன் வேலையை நினைத்து அவள் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. நர்ஸ் போன பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக மூன்றாவது மாடிக்கு, செயலரிடம் போனாள். செயலர் கெட்டவர் இல்லை. வம்பு எந்தத் தெருவில் வந்தாலும் அடுத்த தெருவில் நடக்கிறவர், அவ்வளவுதான்.

"சார், பின்பக்கம் படிக்காம விட்டுட்டோம். ஒரே வாசகம் இல்ல. எல்லாம் தனித்தனி மனு. அறிக்கைய மாத்தணும்."

செயலர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அக்கா, மேல இருந்து யாராவது பின்பக்கத்தப் பத்திக் கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"கேக்காத கேள்விக்கு நீங்க ஏன் பதில் எழுதறீங்க? ஸ்கேன் போடச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப மாட்டப்போறதும் நீங்கதான். அடுத்த வருஷம் உங்களுக்குப் பதவி உயர்வு ஃபைல் வருது. பேசாம இருங்க."

அக்கா பேசாமல்தான் திரும்பினாள். ஆனால் அன்றே ஒரு குறிப்பு எழுதினாள். "அட்டைகளின் முன்பக்கத்தை மட்டும் பதிவுசெய்யச் சொன்னது என் முடிவு. பின்பக்கங்கள் படிக்கப்படவில்லை. தவறு முழுவதும் என்னுடையது." சுற்றி வளைக்காமல் மூன்றே வாக்கியம். அதற்கும் தேதி முத்திரை போட்டு, எண் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி மாடிக்கு அனுப்பினாள். செயலர் அதைத் தன் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் முன்பு பஸ் ஓட்டியவர். பதினான்கு வருடமாக ஓட்டுவதை விட்டுவிட்டு டெப்போ பட்டறையில் பிரேக் பார்க்கிற வேலையில் இருக்கிறார். பேச்சு குறைவு. எந்தப் பஞ்சாயத்தையும் "சரி விடும்மா" என்று முடித்துவிடுகிறவர். அன்று அப்படி முடிக்கவில்லை. கையிலிருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தவர், துடைப்பதை நிறுத்தினார்.

"பின்பக்கம் எழுதுனத எல்லாம் இனி படிப்பாங்களா?"

"படிக்கவைக்கணும்னுதாங்க பாக்கறேன்."

"யாரு படிப்பாங்க?"

"யாரோ படிப்பாங்க. இப்ப அதுவா முக்கியம்? எனக்கு வேலை போனாலும் போகும்" என்றாள் எரிச்சலோடு.

"போனா போகட்டும். நீ சொல்லிடு" என்றார் அவர். இத்தனை தெளிவாக அவர் ஒரு யோசனை சொல்லி அவள் கேட்டதே இல்லை.

விசாரணை நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும். ஒரு பக்கம் கம்பெனி வக்கீல், தலைமுடியிலிருந்து காலணி வரை பளபளப்பானவர். இன்னொரு பக்கம் அச்சகத் தொழிலாளர்கள். ஆவணங்களுக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் அக்காவுக்கு மூலையில் ஒரு முக்காலி. காலடியில் அட்டைச் சாக்குகள்.

தலைவர் சுருக்க அறிக்கையை எடுத்து, "ஒரே வாசகம் கொண்ட மனு ஒன்று" என்று நிதானமாக வாசித்தார். அக்கா எழுந்து நின்றாள். ஆவணப் பொறுப்பாளர் அங்கே வாய் திறக்கும் வழக்கமே கிடையாது.

"சார், அது ஒண்ணு இல்ல."

தலைவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

"அட்டைக்குப் பின்னாடி ஆளாளுக்கு அவங்கவங்க காரணத்தை எழுதியிருக்காங்க. நாங்க முன்பக்கம் மட்டுந்தான் பாத்தோம். அறிக்கை தப்பு சார்."

"முன்பக்கம் மட்டும் பார்க்கச் சொன்னது யார்?"

"நான்தான் சார். எழுதியும் கொடுத்திருக்கேன்" என்று குறிப்பின் எண்ணைச் சொன்னாள். செயலர் தரையில் ஏதோ தொலைந்துபோனதுபோலக் குனிந்துகொண்டார்.

வக்கீல் சிரித்தார். "பின்னால என்ன இருக்கப்போகுது? வேண்டாம், ஒழிகன்னு இருக்கும்."

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சாக்கிலிருந்து கைக்குச் சிக்கிய முதல் அட்டையை எடுத்துப் படித்தாள். ஒரு பார்வையற்றவர் வேறொருவரைக் கொண்டு எழுதியது: "எங்கள் தெருவில் பள்ளம் தோண்டினால் காலையில் ஊர் வானொலி சொல்கிறது. தலைநகரிலிருந்து பேசுகிறவருக்கு என் தெரு தெரியுமா?" இரண்டாவது, ஒரு பால்காரர். மூன்றாவது, கம்பெனியின் தொலைக்காட்சியிலேயே வேலை பார்க்கும் ஒரு கேமராக்காரர்: "எதைப் படம்பிடிக்கக் கூடாது என்ற பட்டியல் எங்களிடம் இருக்கிறது. அது நாளிதழுக்கும் போக வேண்டாம்." பின்வரிசையில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் வக்கீல் சிரிக்கவில்லை.

உறுப்பினர்களில் ஒரே பெண்மணியாக இருந்தவர், "எல்லாவற்றையும் படித்து எண்ணும்வரை விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும்" என்றார். தலைவருக்கு வேறு வழியில்லை. நான்கு வாரம் கொடுத்தார். போகிறபோக்கில், பதிவுப் பிரிவின் தவறு தனியாக விசாரிக்கப்படும் என்றும் சொன்னார்.

முதல் மாடியில் காலியாக இருந்த கூட்ட அறையில் மூன்று நீள மேஜைகளைப் போட்டு ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். வெறுமையான அட்டைகளெல்லாம் ஒரு பக்கம். அவை எத்தனை ஆனாலும் ஒரு மனுதான், அதில் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. எழுதிய அட்டைகள் இன்னொரு பக்கம், ஒவ்வொன்றும் படிக்கப்பட்டு, ஒரு வரிச் சுருக்கத்தோடு. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை பார்த்தார்கள். சிரிப்பும் வந்தது. மாமியாரோடு சண்டை போட்டதை முழுவதும் எழுதிவிட்டு, "இதை எந்தச் சேனலிலும் போட வேண்டாம்" என்று ஒருத்தி முடித்திருந்தாள். அதுவும் ஒரு காரணமா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. காரணம்தான் என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

பதினோராவது நாள் காலையில், ஒரு கட்டின் நடுவிலிருந்து எடுத்த அட்டையின் எழுத்தைப் பார்த்ததும் அக்காவின் கை நின்றது. தெரிந்த எழுத்து. குழந்தைகளின் பள்ளிப் படிவங்களில், கேஸ் புத்தகத்தில், மளிகைச் சீட்டில் அவள் தினம் பார்க்கிற எழுத்து. திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தாள். அவள் வீட்டு முகவரி.

பின்பக்கத்தில் இப்படி இருந்தது: "பதினாலு வருஷம் முன்னாடி நான் ஓட்டின பஸ் பிரேக் பிடிக்காம சுவத்துல மோதிச்சு. பதினோரு பேருக்கு அடி. டிரைவர் குடிச்சிருந்தான்னு ரெண்டு டிவியும் நாள் பூரா சொன்னாங்க. நான் குடிக்கிறவன் இல்ல. யாரும் என்கிட்ட கேக்கல. ரெண்டாம் நாள் சாயங்காலம் நான் ஆத்துப் பாலத்துமேல ஏறி நின்னேன். ஊர்ப் பத்திரிகைக்காரர் ஒருத்தர் என்னத் தேடிக்கிட்டு அங்க வந்தார். உங்க பக்கம் என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, நான் எழுதறேன்னார். அதுக்காகத்தான் இறங்கினேன். எல்லாத்துக்கும் ஒரே முதலாளின்னா அன்னிக்கு அவர யாரு அனுப்பியிருப்பாங்க? பாலத்து விஷயம் என் வீட்டுக்குத் தெரியாது."

விபத்து அவளுக்குத் தெரியும். பிரேக்கை மாற்றச் சொல்லி அவர் மூன்று தடவை எழுதிக்கொடுத்திருந்ததைப் பத்திரிகை வெளியிட்டதும், அவர் மீது குற்றமில்லை என்று ஆனதும் தெரியும். அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்ததாகத்தான் பதினான்கு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். அட்டையை மேஜையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி படித்தாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். தெருவில் ஒரு பஸ் போனது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்திலும் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. ஆணைய ஊழியரோ அவர் வீட்டில் உள்ளவரோ மனுப் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. இந்த அட்டை செல்லாது. செல்லாதது மட்டுமா? எண்ணுகிற பிரிவின் தலைவியுடைய புருஷனே எதிர்த்து மனுப் போட்டிருக்கிறார் என்று தெரிந்தால், மொத்தக் கணக்குமே சந்தேகம் என்று கம்பெனி கிளம்பிவிடும். ஆயிரக்கணக்கான பேருடைய எழுத்து இந்த ஓர் அட்டையால் குப்பைக்குப் போகலாம்.

ஸ்கேன் போடுகிறவர் பக்கத்தில் வந்து அட்டையைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா, இத எடுத்துப் பைக்குள்ள வெச்சுக்கோங்க" என்று மெதுவாகச் சொன்னார். "இத்தனை ஆயிரத்துல ஒண்ணு. நான் பாக்கவே இல்ல."

அக்காவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று யார் சொன்னது? கைப்பை மேஜையடியில் திறந்தே கிடந்தது. அந்த அட்டையை யாருக்கும் காட்டாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது. மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு தடவ பின்பக்கத்த மறைச்சதுக்கே இந்தப் பாடு படறோம். இன்னொரு தடவ வேணாம்" என்றாள். சிவப்பு மை எடுத்து அட்டையின் குறுக்கே கோடு போட்டாள். பதிவேட்டில் எழுதினாள்: "நீக்கப்பட்டது ஒன்று. காரணம்: பதிவுப் பிரிவுத் தலைவியின் கணவர்." கீழே முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குத்தான் பிரிவில் பலருக்கு அவள் பெயரே தெரிந்தது.

வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எண்ணிக்கை முடியும்வரை வெளியே பேசக் கூடாது என்பது ஒரு காரணம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மையான காரணம். சாப்பாடு பரிமாறும்போது அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்று அவர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, சாப்பிடுங்க" என்றாள்.

இரண்டாவது விசாரணையில் எண்ணிக்கை வாசிக்கப்பட்டது. தனித்தனிக் காரணம் கொண்ட மனுக்கள் ஆறாயிரத்து இருநூற்று ஏழு. வாசித்து முடிப்பதற்குள் வக்கீல் துள்ளி எழுந்தார். முன்பக்க நகல்கள் முதலிலேயே கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. அவர்கள் சும்மா இருக்கவில்லை, முகவரி முகவரியாக அலசியிருந்தார்கள்.

"இந்த எண்ணிக்கையே செல்லாது" என்று ஒரு நகலை உயர்த்திக் காட்டினார். "எண்ணினவங்களோட வீட்டுக்காரரே இதுல ஒரு மனுதாரர். இதைப் பற்றி அந்த அம்மாவுக்கு என்ன பதில் இருக்கு?"

மண்டபம் சலசலத்தது. அக்கா பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்த் தலைவருக்கு முன்னால் விரித்து வைத்தாள். சிவப்பு மையில் எழுதிய இடத்தைக் காட்டினாள். தலைவர் படித்தார், தேதியைப் பார்த்தார், பக்கத்திலிருந்த பெண் உறுப்பினரிடம் நகர்த்தினார். அவர் உரக்கவே வாசித்தார்.

"பதினேழு நாள் முன்பே இவரே நீக்கியிருக்கிறார்" என்றார் பெண் உறுப்பினர். "தன் சொந்தக் கணவரை நீக்கியவர் மற்றவர்களின் கணக்கைக் கூட்டிக் காட்டியிருப்பார் என்று நீங்கள் சொல்ல வருகிறீர்களா?"

வக்கீல் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பையிலிருந்த பெரிய வெடி அது ஒன்றுதான். ஓட்டெடுப்பில் விதி அப்படியே இருக்கட்டும் என்று மூன்று பேர், எடுக்கலாம் என்று தலைவரோடு சேர்த்து இரண்டு பேர். கம்பெனியின் பேரம் அதோடு நின்றது. அச்சகத் தொழிலாளர்கள் எழுந்து கத்தினார்கள். நர்ஸ் எங்கிருந்தோ ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே அக்காவுக்குக் கண்டனக் குறிப்பாணை வந்தது. முன்பக்கத்தை மட்டும் பதிவுசெய்த கவனக்குறைவுக்காக. பதவி உயர்வும் தள்ளிப்போனது. நியாயமா என்று கேட்டால், செய்த தப்புக்குத் தண்டனை நியாயம்தான் என்று அவளே சொல்லுவாள். அவளைக் கண்டித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் தங்கள் தப்பைத் தாங்களே எழுந்து நின்று சொல்லியிருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

ஓட்டெடுப்பு நடந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் அவளுக்கு முன்பே வந்து சமையலறை வாசலில் நின்றிருந்தார். செய்தி கேட்டுவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"என் அட்டைய நீ அடிச்சிட்டதா ரேடியோவுல சொன்னாங்க."

"ஆமாங்க. ஊழியர் வீட்டுல இருந்து போடக் கூடாதுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"மனுதான் போடக் கூடாதுன்னு நெனச்சேன். அது அட்டைதானே." தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "அப்ப அத யாரும் படிக்கல."

"நான் படிச்சேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நீ சீல்தானே வைப்ப? யாரோ ஒரு ஆபீசர் படிப்பாருன்னு நெனச்சுல்ல எழுதினேன். மொகம் தெரியாத ஆளுன்னா சொல்றதுக்குச் சுலபமா இருந்துச்சு."

"அந்த ஆபீசர் நான்தாங்க" என்றாள் அவள். கைப்பையைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய்ச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவரையும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"பாலத்துல இருந்து சொல்லுங்க" என்றாள். "ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.